ஜாரு போட முடியாத ஹார்மோனியம்: பொருந்தாத நான்கு வாத்தியங்களுக்கு விளையாட்டாக ஓர் இசை எழுதும் முறை

ஊர்வலத்துக்கு வரும் பேண்டு செட்டில் கிளாரினெட் இருக்கிறது. தேவாலயத்துப் பித்தளை வாத்தியக் குழுவில் டிராம்போன் இருக்கிறது. வயலின் வாசிப்பவர் இல்லாத ஊர் குறைவு. பஜனை மடத்திலும் நாடக மேடையிலும் ஹார்மோனியம் பல காலமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த நான்கும் ஒன்றாக மேடையேறுவதை நாம் பார்ப்பதில்லை. நான்கையும் ஓர் அறையில் கூட்டி, நாலு நிமிடம் ஓடும் சேம்பர் இசை (ஓர் அறைக்குள் சிலர் மட்டும் கூடி வாசிக்கும் இசை) ஒன்றை எப்படி எழுதலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஸ்டாஃப் நோட்டேஷனில் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு இசை என்றதும் பலர் வேடிக்கைச் சத்தத்தைத் தேடிப் போகிறார்கள். டிராம்போனைப் பிளிற விடுகிறார்கள், கிளாரினெட்டைக் கோழி மாதிரி கொக்கரிக்க விடுகிறார்கள். ஒரு தடவை சிரிப்பு வரும், மறு தடவை வராது. விளையாட்டுக்கு விதி வேண்டும். அந்த விதி கேட்பவருக்குப் பிடிபட வேண்டும். பிடிபட்ட பிறகு அது மீறப்படும்போதுதான் முகம் மலரும். அந்த விதியை வாத்தியங்களின் உடம்பிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

படி 1: கையில் இருப்பவர்களை வைத்துக் குழுவை அமையுங்கள்

சேம்பர் இசையில் விசித்திரமான கூட்டணிகள் பெரும்பாலும் தேவையிலிருந்து பிறந்தவை. 1918இல், உலகப் போர் முடியாத நேரத்தில், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 'சிப்பாயின் கதை'யை ஏழே கலைஞர்களுக்கு எழுதினார். ஊர் ஊராகக் கொண்டுபோகக் கூடிய சிறிய குழு அவருக்குத் தேவைப்பட்டது. கம்பி வாத்தியத்தில் வயலினும் டபுள் பாஸும், மரத்துளை வாத்தியத்தில் கிளாரினெட்டும் பாஸூனும், பித்தளையில் கார்னெட்டும் டிராம்போனும், இவற்றோடு தாள வாத்தியம் என்று ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் உச்சத்தையும் அடியையும் மட்டும் எடுத்தார். நடுவில் இட்டு நிரப்ப ஆள் இல்லாததால் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்கும். 1927இல் மார்ட்டினூ பானை, மூடி, துடைப்பம் எல்லாம் காதலித்துச் சண்டை போடும் ஒரு சமையலறை பாலேவுக்கு இசை எழுதினார். அதிலும் கிளாரினெட், பாஸூன், டிரம்பெட், வயலின், செல்லோ, பியானோ என்று ஒன்றோடொன்று கரையாத ஆறு வாத்தியங்கள்.

நம் ஹார்மோனியத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1878இல் துவோர்ஷாக், நண்பர் வீட்டில் கூடி வாசிப்பதற்காக, இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஹார்மோனியம் என்ற கூட்டணிக்கு ஐந்து சிறு துண்டுகள் எழுதினார். அந்த வீட்டில் இருந்தது ஹார்மோனியம்தான். 1921இல் வியன்னாவில் ஷோன்பெர்க், பெர்க், வெபெர்ன் மூவரும் யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் இசையை கம்பி வாத்தியங்கள், பியானோ, ஹார்மோனியம் என்று சுருக்கி வாசித்தார்கள். அவர்களுடையது காலால் மிதிக்கும் வகை, ஆகையால் இரண்டு கையும் கட்டைகளுக்குக் கிடைத்தது. நம் ஊர்ப் பெட்டியில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். இதை மனத்தில் வைத்தே எழுத வேண்டும்.

கிடைக்காத வாத்தியத்துக்கு எழுதிவிட்டு, ஆளைத் தேடி அலைய வேண்டாம். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று முகம் தெரிந்து எழுதும் இசையில் ஓர் உயிர் இருக்கும்.

படி 2: ஒவ்வொரு வாத்தியத்தையும் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

ஒரு நோட்கூட எழுதாமல், கலைஞர்களோடு ஒரு மாலை உட்காருங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒரு நோட்டைத் தொடங்கும்போது என்ன நடக்கிறது? எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? எது உங்களுக்கு எளிது? எது முடியவே முடியாது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம்.

நம் நால்வரிடம் கேட்டால் கிடைப்பது இது. டிராம்போன் ஒரு நோட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். அதன் குழாயே அதற்காக நீள்கிறது. வயலினும் வழுக்கும். கர்நாடக சங்கீதம் பயின்றவரானால் ஜாரு, அதாவது ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவது, அவர் கையோடு பிறந்தது. கிளாரினெட் இடத்தைப் பொறுத்து ஓரளவு வழுக்கும். ஹார்மோனியத்தால் முடியாது. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவத்தான் வேண்டும், நடுவில் பாதை கிடையாது.

இந்தக் குறைக்காகவே ஹார்மோனியம் தண்டனை அனுபவித்தது. கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் வாசிப்பது) வராத வாத்தியம் நம் இசைக்கு ஆகாது என்ற வாதம் வலுத்து, 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1970களின் தொடக்கத்தில்தான் தடை தளர ஆரம்பித்தது. முப்பது ஆண்டுகள் ஒரு வாத்தியத்தை ஒலிபரப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த குணம் அது. அந்தக் குணத்தையே நம் இசையின் கதாநாயகனாக்கப் போகிறோம்.

படி 3: ஒரு விதியை உருவாக்குங்கள்

டிராம்போனில் குழாயை நிறுத்தும் நிலைகள் ஏழு. முழுக்க நீட்டிய ஏழாம் நிலையிலிருந்து முழுக்க இழுத்த முதல் நிலை வரை ஒரே மூச்சில் வழுக்கினால் கிடைக்கும் தூரம், ஈ-யிலிருந்து பி ஃப்ளாட் வரையிலான இடைவெளி அளவுதான். அதைவிட அகலமாக, உதாரணமாக டி-யிலிருந்து ஏ வரை, ஒரே வழுக்கலில் போக முடியாது. இது தெரியாமல் எழுதிய ஸ்கோர்களைப் பார்த்து டிராம்போன்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

ஆக, நடு சி-க்குக் கீழே உள்ள ஈ-யில் தொடங்கி அதற்கு மேலே உள்ள பி ஃப்ளாட் வரை டிராம்போன் வழுக்கட்டும். அதே தூரத்தை ஹார்மோனியம் கட்டை கட்டையாக ஏறினால் எத்தனை நோட்? ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஏ ஃப்ளாட், ஏ, பி ஃப்ளாட். ஏழு. அப்படியானால் தாளமும் ஏழு. 7/8 பாரில், தகிட தகதிமி என்று எண்ணிக்கொண்டு, இருவரும் ஒன்றாம் அட்சரத்தில் ஒன்றாகப் புறப்படட்டும்.

இப்போது நடப்பதைக் கவனியுங்கள். டிராம்போன் பார் முழுக்க வழுக்கி, அடுத்த பாரின் முதல் அட்சரத்தில் பி ஃப்ளாட்டை அடைகிறது. ஹார்மோனியமோ ஏழாவது அட்சரத்திலேயே பி ஃப்ளாட்டில் போய் நின்றுவிடுகிறது. வழுக்கத் தெரியாதவர் ஓர் அட்சரம் முன்னதாக வந்து காத்திருக்கிறார்! அட்சரம் நிமிடத்துக்கு 240 என்ற வேகத்தில் இந்த இடைவெளி சரியாகக் கால் நொடி. இந்தக் கால் நொடிதான் நம் முழு விளையாட்டும்.

விதி இவ்வளவு சிறியதாக இருப்பது நல்லது. முதல் மூன்று தடவை எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே நடக்கட்டும். அவசரப்பட்டு இரண்டாம் தடவையே மாற்றினால், எது வழக்கம், எது மீறல் என்று கேட்பவருக்குத் தெரியாது. நான்காம் தடவை ஹார்மோனியம் ஓர் அட்சரம் தாமதமாகப் புறப்பட்டால் இருவரும் சேர்ந்து வந்து சேர்வார்கள். ஐந்தாம் தடவை டிராம்போன் பாதியில் நின்றுவிடலாம். இப்படி மீறல்களின் ஒரு பட்டியலைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். பத்து வந்தால் அதில் ஐந்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

படி 4: மற்ற இருவருக்கும் வேலை கொடுங்கள்

ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு நோட்டுகள். டிராம்போனும் ஹார்மோனியமும் சேர்ந்த வழுக்கல் அணி ஏழை எடுத்துக்கொண்டது. மிச்சம் ஐந்து: பி, சி, டி ஃப்ளாட், டி, ஈ ஃப்ளாட். இந்த ஐந்தையும் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஐந்தும் அடுத்தடுத்து ஒட்டி நிற்பவை. அப்படியே வாசித்தால் சுவாரஸ்யமில்லை, ஆகவே ஸ்தாயி மாற்றித் தாவச் செய்யுங்கள். நடு சி-யிலிருந்து அடுத்த ஸ்தாயி டி ஃப்ளாட்டுக்கு ஒரு தாவல், அங்கிருந்து கீழே விழுந்து பி. இந்த மாதிரித் தாவலில் கிளாரினெட்டை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் எகிறிக் குதிக்கும் காட்சி காதிலேயே தெரியும்.

இப்படி நோட்டுகளைக் கறாராகப் பங்கிடுவது கற்பனைக்கு விலங்கு என்று நினைப்பவர்கள், லிகெட்டி 1953இல் ஐந்து காற்று வாத்தியங்களுக்கு எழுதிய 'ஆறு பேகடெல்' என்ற சிறு துண்டுகளில் முதலாவதைக் கேட்க வேண்டும். சி, ஈ ஃப்ளாட், ஈ, ஜி என்ற நான்கே நோட்டுகளில் ஒரு நிமிடத்துக்கும் மேல் குதூகலம் கொப்பளிக்கிறது. ஈ ஃப்ளாட்டும் ஈ-யும் மாறி மாறி வருவதால், மேஜரா மைனரா என்று காதுக்கு நிலைகொள்வதில்லை. கைவசம் உள்ளது குறையக் குறைய, தாளமும் இடைவெளியும் குறும்பு செய்ய ஆரம்பிக்கின்றன.

வயலின் தொடக்கத்தில் நடுவராக இருக்கட்டும். வில் வேண்டாம், விரலால் மீட்டினால் போதும். ஜி கம்பியும் டி கம்பியும் திறந்தபடியே: தகிடவின் தலையில் ஒன்று, தகதிமியின் தலையில் மற்றொன்று. ஜி வழுக்கல் அணியின் நோட்டு, டி கிளாரினெட்டின் நோட்டு, ஆகையால் வயலின் யார் பக்கமும் சாயவில்லை. இதில் முக்கியமான ஒரு பயன் இருக்கிறது. மீட்டொலி கூர்மையானது, பார் எங்கே தொடங்குகிறது என்று அது அடித்துச் சொல்வதால்தான் ஹார்மோனியம் முந்திக்கொண்டது கேட்பவருக்கு உறைக்கும். அந்த 'டிங்' இல்லாவிட்டால் கால் நொடி வித்தியாசம் வெறும் குளறுபடியாகக் கேட்கும்.

படி 5: நாலு நிமிடத்தைத் திட்டமிடுங்கள்

அட்சரம் கால் நொடி என்றால் ஒரு பார் 1.75 நொடி. நாலு நிமிடத்துக்கு ஏறக்குறைய 137 பார். நான் இப்படிப் பிரிப்பேன்: 24 பார் வரை விதியும் முதல் மீறல்களும், 60 வரை கிளாரினெட்டின் குறுக்கீடு, 84 வரை ஒரு நிறுத்தம், 130 வரை எல்லோரும் எல்லோருடைய நோட்டுகளையும் பறித்துக்கொள்ளும் ரகளை, மிச்சம் முடிவு.

அந்த 24 பார் நிறுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். விளையாட்டு இசை தொடர்ந்து துள்ளினால் மூன்றாம் நிமிடத்தில் காது மரத்துப்போகும். இங்கே வேகத்தை மாற்றாமல், எல்லோரையும் ஒரு நீண்ட நோட்டில் நிறுத்துங்கள். ஹார்மோனியம் ஈ-யையும் பி ஃப்ளாட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. டிராம்போன் எட்டு பாரில், அதாவது 14 நொடியில், மூச்சு தீர்ந்து விலகுகிறது. கிளாரினெட் மெல்லிய ஒலியில் பன்னிரண்டு பார் தாங்குகிறது. வயலின் வில்லை மாற்றி மாற்றி இன்னும் கொஞ்ச நேரம் போராடுகிறது. துருத்தி மட்டும் அலுக்காமல் அசைந்துகொண்டிருக்கிறது. வழுக்கத் தெரியாதவரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது இப்போது புரியும். வேடிக்கையாகத் தொடங்கிய விஷயம் இந்த இடத்தில் நெஞ்சைத் தொட வேண்டும். இந்தப் பகுதி இல்லாவிட்டால் மொத்தத்தையும் எழுதுவதற்கே எனக்கு மனசு வராது.

முடிவுக்கு இசையமைப்பாளர் ஹைடனிடம் போகலாம். 1781இல் எழுதிய ஓபஸ் 33 தொகுப்பில், நாலு கம்பி வாத்தியங்களுக்கான இரண்டாவது குவார்ட்டெட்டின் கடைசியில், பழகிய மெட்டை இடைவெளி விட்டு விட்டுத் துண்டாக்கி, முடிந்ததா இல்லையா என்று சபையைத் திண்டாட விடுவார். நம் இசையில், டிராம்போன் ஊதாமலே குழாயை மட்டும் ஏழிலிருந்து ஒன்றுக்கு இழுக்கட்டும். சத்தமே இல்லை. வயலின் மீட்டல் மட்டும் பாரைக் காட்டுகிறது. ஏழாவது அட்சரத்தில் ஹார்மோனியம் ஒரே ஒரு பி ஃப்ளாட். வழக்கம்போல முன்னதாகவே.

படி 6: ஒலியைச் சமன் செய்யுங்கள்

இங்கேதான் கணினி ஏமாற்றும். மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருளில் எழுதிக் கேட்டால் நால்வரும் ஒரே அளவில் ஒலிப்பார்கள். அறையில் டிராம்போன் சற்று ஓங்கி ஊதினாலே ஹார்மோனியம் காணாமல் போகும். டிராம்போனுக்குக் கப் மியூட் (அதன் வாயில் செருகும் கிண்ண வடிவ ஒலியடக்கி) எழுதுங்கள். ஒலி குறைவதோடு அதன் கூர்மையும் மழுங்கி, ஹார்மோனியத்தோடு ஒட்டி நிற்கும். ரகளைப் பகுதியில் மட்டும் மியூட்டைக் கழற்றலாம். கழற்றவும் போடவும் நேரம் வேண்டும், அங்கே சில பார் ஓய்வு கொடுக்க மறக்க வேண்டாம்.

ஒருவர் கேட்கவில்லை என்றால் அவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்வதற்கு முன், மற்றவர்களை நிறுத்திப் பாருங்கள். ஓய்வுக் குறி போல நல்ல ஒலிப்பெருக்கி கிடையாது.

கிளாரினெட்டையும் வழுக்கச் சொல்லும் ஆசை வரும். எந்த ஸ்தாயியில் என்று பார்த்துச் செய்யுங்கள். நடு சி-க்கு மேலே உள்ள ஈ-யிலிருந்து பி ஃப்ளாட் வரை போனால், அந்த வாத்தியத்தின் தொண்டைப் பகுதி நோட்டுகள் வழியாகச் சென்று, விரலமைப்பு முழுக்க மாறும் இடத்தைத் தாண்ட வேண்டும். வழுக்கல் அங்கே உடைந்துவிடும். ஒரு ஸ்தாயி மேலே எழுதினால் விரலும் உதடும் சேர்ந்து வழவழவென்று கொண்டுபோகும்.

படி 7: தெளிவாக எழுதிக் கொடுங்கள்

பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு, ஒலிக்க வேண்டிய நோட்டைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும். அதன் ஐந்து நோட்டுகள் அவருடைய தாளில் டி ஃப்ளாட், டி, ஈ ஃப்ளாட், ஈ, எஃப் என்று இருக்கும். உங்கள் முழு ஸ்கோரில் ஒலிக்கும் நோட்டுகளையே வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்க்க எளிது.

வழுக்கலை எழுதும்போது தொடக்க நோட்டையும் முடிவு நோட்டையும் கோட்டால் இணைத்தால் மட்டும் போதாது. பலரும் முதல் நோட்டிலேயே தங்கி, கடைசி நேரத்தில் சட்டென்று இழுப்பார்கள். கோட்டின் மேல் அட்சரங்களைக் காட்டும் வெறும் தண்டுகளைப் போட்டு, 'தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக' என்று எழுதுங்கள்.

பேண்டு செட் கிளாரினெட்காரரும் ஹார்மோனியக்காரரும் ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்காதவர்களாக இருக்கலாம். அது தடையே இல்லை. ஈ-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், ஹார்மோனியத்தின் ஏழு நோட்டும் ஸட்ஜமத்திலிருந்து பிரதி மத்யமம் வரை ஒரு ஸ்தானம்கூட விடாமல் ஏறுவதுதான். ஸ்வரத்தில் எழுதிக் கொடுங்கள். தாளத்துக்கு மிஸ்ர சாபு என்று சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படாது. ஆனால் வயலின்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த ஜாருவில் அசைவு கூடாது, முடிவில் நோட்டை ஆட்டாமல் நிறுத்த வேண்டும்.

படி 8: ஒத்திகை

முதல் வேலை சுருதி. ஹார்மோனியத்தை அந்த இடத்தில் மாற்ற முடியாது, மற்ற மூவரும்தான் அதற்கு இறங்கி வர வேண்டும். வயலினுக்கும் டிராம்போனுக்கும் பிரச்சினை இல்லை. கிளாரினெட் இணைப்பைச் சற்றே இழுத்துச் சுருதியைக் குறைக்கலாம், கூட்ட வழியில்லை. ஹார்மோனியம் வழக்கத்தைவிட ஏறிய சுருதியில் இருந்தால் வேறு பெட்டி தேடுவது நல்லது. இதை ஒத்திகை நாளுக்கு முன்பே போய்ச் சோதித்துவிடுங்கள்.

பிறகு வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொல்லி, நால்வரும் தங்கள் பகுதியைச் சொற்கட்டாக, அதாவது தகிட தகதிமி என்று வாயால், சொல்லட்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் கால் நொடி அரை நொடியாகும். யார் எப்போது வந்து சேர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதன் பின் வாத்தியத்தோடு வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

முக பாவனை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மவுரிஸியோ காகெல் 1964இல் எழுதிய 'மேட்ச்' என்ற படைப்பில் இரண்டு செல்லோக்காரர்கள் போட்டியாளர்களாக மோத, தாள வாத்தியக்காரர் நடுவராக இருக்கிறார். அதுவே ஒரு மேடை நாடகம்தான், ஆனாலும் மூவரும் அதை உயிர் போகும் விஷயமாக எடுத்துக்கொண்டு வாசிக்கும்போதுதான் எடுபடுகிறது. நம் டிராம்போன்காரர் ஊதாமல் குழாயை இழுக்கும் அந்தக் கடைசி பாரிலும், ஊதும்போது எவ்வளவு கவனமாக இருந்தாரோ அதே கவனத்தோடு இழுக்க வேண்டும்.

முழுதாக ஓடவிட்டு ஒரு பதிவு எடுங்கள். ஸ்கோரைப் பார்க்காமல் கேட்டு, விதி எத்தனையாவது தடவையில் பிடிபடுகிறது என்று கவனியுங்கள். இசை தெரியாத ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் செய்யலாம். ஹார்மோனியம் முந்துவதை மூன்றாம் தடவைக்குள் அவர் கண்டுகொண்டால், ஸ்கோரில் மேற்கொண்டு கை வைக்காதீர்கள். கண்டுகொள்ளாவிட்டால், அந்த முதல் பன்னிரண்டு பாரில் வழுக்கல், கட்டைகள், மீட்டல் மூன்றையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.